திரைப்பதிவுப் பாடங்களில் தமிழ் ஒலியுரை

மென்பொருள் ஒன்றைக் கையாளக் கற்பிக்கும் நூல், திரையின் படத்தை அச்சிட்டுச் செயலைச் சொல்லால் விளக்குகிறது. வகுப்பறை ஆசிரியரோ செயலைச் செய்துகாட்டியவாறே விளக்குகிறார். இவ்விரு முறைகளுக்கும் இடைப்பட்டதாக வளர்ந்திருப்பது திரைப்பதிவுப் பாடம். கணிப்பொறித் திரையில் நிகழும் சுட்டியின் நகர்வு, பட்டிகளின் விரிவு, தட்டச்சாகும் எழுத்து ஆகிய அனைத்தும் நிகழ்ந்தவாறே பதிவு செய்யப்பெற்று, அவற்றோடு விளக்கம் குரலாக இணைக்கப்படுகிறது. அக்குரல் விளக்கமே ஈண்டு ஒலியுரை எனப்படுகிறது.

இந்தியாவில் இம்முறையைப் பேரளவில் மேற்கொண்டிருப்பது மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டமாகும். அக்கழகத்தின் வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் தலைமையில் உருவான இத்திட்டம், தகவல் தொடர்புத் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசியப் பணித்திட்டத்தின் நிதியுதவியைப் பெற்றது. அப்பணித்திட்டத்தை 2009ஆம் ஆண்டில் தொடங்கியது நடுவண் அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம். 2020 முதல் அது கல்வி அமைச்சகம் என வழங்குகிறது. பாடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிட அளவினது. லினக்ஸ் இயங்குதளம், லிபர்ஆபீஸ் அலுவலகத் தொகுப்பு, சைலேப், லேடெக், பைதான் முதலிய திறமூல மென்பொருள்களைப் பற்றிய பாடங்கள் முதலில் ஆங்கிலத்தில் உருவாக்கப்பெற்றுப் பின்னர்த் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல்மாற்றம் பெறுகின்றன.

இத்தகைய பாடம் பதிவுக் கருவிகளின் ஆக்கமாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் கற்பவர் அதனைப் பின்பற்றிச் செயலை முடிப்பதும், நடுவில் தடுமாறி நிற்பதும், ஒரு வாக்கியத்தில் வினைமுற்று எங்கே நிற்கிறது என்பது போன்ற மொழிக்கூறுகளைப் பெரிதும் சார்ந்துள்ளன. தமிழ் ஒலியுரையை முன்னிறுத்தி இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது.

மென்பொருளும் பாடமும்

தமிழ்வழியில் பள்ளிக் கல்வியை முடித்துப் பொறியியற் கல்லூரிக்கோ பலதொழில்நுட்பக் கல்லூரிக்கோ வரும் மாணவர் ஒருவருக்கு ஆய்வகத்தில் கணிப்பொறி கிடைத்துவிடுகிறது. அதில் உள்ள மென்பொருளைச் சொல்லித்தருவார் கிடைப்பது அரிது. ஆசிரியரே அதனைப் புதிதாகக் கற்க வேண்டிய நிலையும் உண்டு. இந்நிலையில் உள்ளவரை மனங்கொண்டே ஸ்போக்கன் டுடோரியல் முறை வகுக்கப்பட்டுள்ளது. திரையின் ஒரு பாதியில் பாடம் ஓடுகிறது. மறுபாதியில் மென்பொருள் திறந்திருக்கிறது. கற்பவர் ஒரு செயலைக் கண்டு, பாடத்தை நிறுத்தி, அதே செயலைத் தம் பக்கத்தில் செய்து, விளைவு ஒத்திருக்கிறதா எனப் பார்த்து மேலே செல்கிறார். பாடத்தைப் பார்த்து முடிப்பது கற்றல் ஆகாது என்பதே இம்முறையின் அடிப்படை.

இதனால்தான் திறமூல மென்பொருள் இம்முறைக்கு இன்றியமையாததாகிறது. விலையுள்ள மென்பொருளுக்குப் பாடம் இலவசமாகக் கிடைப்பினும், மென்பொருள் கைவசம் இல்லாதவர்க்கு அப்பாடம் சமையற்கட்டு இல்லாதவர் கையில் உள்ள சமையற் குறிப்பை ஒத்ததே. திறமூல மென்பொருளின் உரிமமோ படியெடுக்கவும் பிறர்க்கு வழங்கவும் இசைவளிக்கிறது. ஆகவே பாடத்தையும் அதற்குரிய மென்பொருளையும் ஒரே வட்டில் பதிந்து, இணைய இணைப்பில்லாத கல்லூரிக்கும் கொடுக்க இயலும். ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்படுவதால் அவற்றைப் படியெடுப்பதற்குத் தனி இசைவு வேண்டியதில்லை.

எழுத்துப்படி

திரைப்பதிவுப் பாடம் என்றதும் ஒலிவாங்கியும் பதிவுமென்பொருளுமே நினைவுக்கு வருகின்றன. இவை இரண்டாம் நிலையினவே. பதிவுக்கு லினக்ஸில் கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் பலவுண்டு. ஒலியைத் திருத்துவதற்கு 'ஆடசிட்டி' போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுதல், எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளுதல், சுட்டியைத் தேவையின்றிச் சுழற்றாதிருத்தல் ஆகிய சில பழக்கங்களைக் கைக்கொண்டால் எவரும் ஓரளவு நல்ல பதிவைச் செய்துவிடலாம்.

அரிதாவது எழுத்துப்படி. அது இரு பத்திகளாக எழுதப்படுகிறது. இடப்பத்தியில் திரையில் நிகழ வேண்டிய செயல். வலப்பத்தியில் அச்செயலின்போது ஒலிக்க வேண்டிய வாக்கியம். இடப்பத்தியில் செயல் குறிக்கப்பெறாத வாக்கியம் வலப்பத்தியில் நீண்டால், அங்கே ஆசிரியர் விரிவுரைக்குத் தாவிவிட்டார் என்பது எழுதும்போதே புலப்பட்டுவிடும். இடப்பத்தியில் செயலிருந்து வலப்பத்தி வெறுமையாயின், கற்பவர் பார்க்கத் தவறக்கூடிய ஒன்று அங்கே சொல்லப்படாமல் போகிறது. எளிய கட்டமே ஆயினும் இதைவிடக் கண்டிப்பான பதிப்பாசிரியர் கிடைப்பது கடினம்.

பதிவுக்கு முன் இப்படி 'புதியவர் சோதனை'க்கு உட்படுகிறது. அம்மென்பொருளை அறியாத ஒருவரிடம் எழுத்துப்படியை மட்டும் கொடுத்து, அதில் உள்ளவாறே செய்யச் சொல்கின்றனர். அவர் நின்றுவிடும் இடத்தில் பிழை அவருடையதன்று, படியினுடையது. வல்லுநர் ஒருவர் தம் கைப்பழக்கத்தால் அறியாமலே செய்யும் சிறு செயல்கள், ஒரு பெட்டிக்குள் தட்டச்சு செய்வதற்கு முன் அதனைச் சொடுக்குதல், கட்டளையை எழுதிய பின் என்டர் விசையை அழுத்துதல் போன்றவை, எழுத்துப்படியில் விடுபட்டுப்போவது இயல்பு. புதியவர் ஒருவரே அவற்றைக் கண்டுபிடிக்க வல்லவர்.

கண்ணும் காதும்

ஒலியுரை திரையில் தெரிவதை எல்லாம் வருணிக்க வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலனாகாததையே அது சிறப்பாகச் சொல்ல வேண்டும். லினக்ஸில் கோப்புகளின் விவரப் பட்டியலைப் பெறும் கட்டளை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது 'எல்', 'எஸ்' என்னும் இரு சிறிய எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, மீண்டும் ஓர் 'எல்' ஆகியவற்றால் ஆனது. திரையில் அந்த இடைவெளி புதியவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இறுதியில் உள்ள 'எல்' எழுத்தோ பல எழுத்துருக்களில் 'ஒன்று' என்னும் எண்ணைப் போலவே காட்சியளிக்கிறது. எண் என மயங்கி அதனைத் தட்டச்சு செய்தால் கணிப்பொறி பிழைச்செய்தி எதுவும் தருவதில்லை. ஏனெனில் அதுவும் செல்லுபடியாகும் கட்டளையே. கோப்பின் பெயர்கள் மட்டும் வரிக்கு ஒன்றாக வந்து நிற்கும். பாடத்தில் கண்ட நாளும் அளவும் உரிமையாளர் பெயரும் தம் திரையில் ஏன் இல்லை என அறியாது மாணவர் திகைப்பார். 'எல், எஸ், இடைவெளி, சிறுகோடு, எல் என்னும் எழுத்து' என்று குரல் சொல்லிவிட்டால் மயக்கத்துக்கு இடமில்லை.

காது தடுமாறும் இடத்தில் கண் உதவுவதும் உண்டு. தமிழ் எழுத்தில் வல்லினத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாடு காட்டப்படுவதில்லை. 'பி' என எழுதினால் அது ஆங்கில எழுத்துவரிசையின் இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா என்பது விளங்காது. 'டி' என்பதும் நான்காம் எழுத்தையும் இருபதாம் எழுத்தையும் ஒருங்கே குறிக்கும். விரிதாள் பாடத்தில் இவை வெவ்வேறு நெடுக்கைகளின் பெயர்கள். ஒலியுரையாளர் தமிழ் எழுத்தில் மட்டுமே எழுதப்பட்ட படியைப் பார்த்துப் படித்தால் எதனையும் எதுவாகவும் ஒலித்துவிடக் கூடும். தமிழாக்கப் படிகளில் திரைச்சொற்கள் உரோமன் எழுத்திலேயே விடப்படுவதைத் தமிழ்ப்பற்றின் குறைவாகக் கொள்வோர் இந்நடைமுறைக் காரணத்தையும் கருத்திற் கொள்ளுதல் நலம்.

வாக்கியத்தின் வரிசையும் கையின் வரிசையும்

குரல்மாற்றத்தில் காட்சி மாறுவதில்லை. ஒலி மட்டுமே மாறுகிறது. ஆங்கில வாக்கியம் ஒவ்வொன்றும் எந்த நிமிடம், எந்த நொடியில் தொடங்குகிறது என்பதைக் குறித்த காலப்படி மொழிபெயர்ப்பாளர்க்கு வழிகாட்டுகிறது. தமிழ் வாக்கியம் அடுத்த வாக்கியத்தின் நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அது சுட்டும் செயல் திரையில் நிகழும்போதே ஒலிக்கவும் வேண்டும்.

வினையை இறுதியில் வைக்கும் தமிழ் அமைப்பு இதற்குத் தடை எனத் தோன்றலாம். உண்மை பெரும்பாலும் மாறானது. உரையாடல் பெட்டியொன்றின் கீழே வலப்புறத்தில் உள்ள பொத்தானைச் சொடுக்கச் சொல்லும் ஆங்கில வாக்கியம் 'சொடுக்கு' என்னும் வினையில் தொடங்கி, பொத்தானைச் சொல்லி, இடத்தை இறுதியில் வைக்கிறது. எங்கே சொடுக்குவது என அறிவதற்கு முன்பே கற்பவர்க்கு ஏவல் வந்துவிடுகிறது. 'பெட்டியின் கீழ்ப்பகுதியில் வலப்புறம் உள்ள சேவ் பொத்தானைச் சொடுக்குக' என்னும் தமிழ் வாக்கியமோ பெட்டி, கீழ்ப்பகுதி, வலப்புறம், பொத்தான் எனப் பெரிதிலிருந்து சிறிதுக்குக் கண்ணை அழைத்துச் சென்று, கண் பொருளை அடைந்த பின்னரே செயலைச் சொல்கிறது. சுட்டி செல்லும் வழியும் இதுவே.

எதிர்மறையில் நிலைமை தலைகீழாகிறது. 'நிறுவல் முடியும்வரை இச்சாளரத்தை மூட வேண்டாம்' என்பது இலக்கண வழுவற்ற தொடர். எனினும் 'சாளரத்தை மூட' என்பது வரை கேட்டவர், அதுவரை சொன்னவை யாவும் ஏவல்களாகவே இருந்தமையால், கையை மூடும் குறிக்குக் கொண்டுசென்றுவிடுகிறார். 'வேண்டாம்' என்பது காலந்தாழ்ந்து வருகிறது. ஆங்கிலத்தில் விலக்கு வாக்கியத்தின் தலைப்பிலேயே நின்று எச்சரிக்கிறது. தமிழில் 'இங்குக் கவனம் தேவை' என ஒரு குறுந்தொடரை முன்னிறுத்தி, அதன்பின் விலக்கைச் சொல்வதே தக்கது. இவ்வாறே 'மூடுவதற்கு முன் சேமிக்கவும்' என்பதில் பின்னர்ச் செய்ய வேண்டிய செயல் முன்னர்க் காதில் விழுகிறது. 'முதலில் சேமிக்கவும், பின்னர் மூடுக' எனப் பிரித்தால் வாக்கியத்தின் வரிசையும் கையின் வரிசையும் ஒன்றாகின்றன.

வினையெச்சத் தொடர் தமிழ் உரைநடையின் வலிமைகளுள் ஒன்று. 'பட்டியைச் சொடுக்கி, அட்டவணையைத் தேர்ந்து, நெடுக்கைகளின் எண்ணிக்கையைத் தட்டச்சு செய்து, பொத்தானை அழுத்துக' என நான்கு செயல்களை ஒரே மூச்சில் கோத்துவிடலாம். அச்சில் இது செறிவு. ஒலியுரையில் இது குறை. கற்பவர் பாடத்தை நிறுத்தித் தம் பக்கத்தில் செய்வதற்கு உரிய இடம் வினைமுற்றே. எச்சங்கள் அடுத்த வினையை நோக்கி அவரை இழுத்துச்செல்கின்றன. நான்கையும் கேட்டு முடிப்பதற்குள் முதலிரண்டு மறந்துபோகும். ஆகவே ஒரு செயலுக்கு ஒரு முற்றுவினை என்பதே ஒலியுரைக்கு ஏற்ற நெறி. நடை துண்டுதுண்டாக ஒலிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏவல் வடிவத்தின் தேர்வும் எளிதன்று. 'செய்க', 'செய்யவும்', 'செய்யுங்கள்' என மூன்றும் வழக்கில் உள்ளன. காலம் குறுகிய இடத்தில் ஈரசையான 'செய்க' உதவுகிறது. ஆனால் இவ்வடிவம் எல்லா வினைகளுக்கும் ஒருபடித்தாகப் பயன்படுவதில்லை. 'சொடுக்குக', 'அழுத்துக' என்பன 'சொடுக்க', 'அழுத்த' என்னும் எச்சங்களிலிருந்து வேறுபட்டு ஒலிக்கின்றன. 'திறக்க', 'சேமிக்க', 'தேர்ந்தெடுக்க' ஆகியவற்றிலோ வியங்கோள் வடிவமும் செயவென் எச்சமும் ஒன்றே. 'கோப்பைத் திறக்க' எனக் கேட்டவர் அதனைக் கட்டளையாகவும் கொள்ளலாம். 'கோப்பைத் திறப்பதற்கு' எனக் கொண்டு எஞ்சிய பகுதிக்காகக் காத்திருக்கவும் செய்யலாம். அச்சில் முற்றுப்புள்ளி இதனைத் தெளிவாக்கும்; காதுக்கு முற்றுப்புள்ளி இல்லை. இவ்வினைகளுக்குத் 'திறக்கவும்', 'சேமிக்கவும்' என்னும் நீண்ட வடிவங்களைக் கொள்வதே பாதுகாப்பானது. ஒரே பாடத்தில் இருவகை வடிவமும் கலந்து வருவது இலக்கண நோக்கில் உறுத்தினும், மாணவர் காத்திருந்து ஏமாறுவதைக் காட்டிலும் அது சிறிய குறையே.

தன்மைப் பன்மை இன்னொன்று. ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லே உண்டு. தமிழுக்கு 'நாம்', 'நாங்கள்' என இரண்டு. ஒலியுரையாளர் பதிவுக்கு முன்னரே ஆயத்தம் செய்து வைத்த கோப்பை 'நாம் உருவாக்கிய கோப்பு' என மொழிபெயர்த்தால், கற்பவர் தாமும் அதனை முன்பே உருவாக்கியிருக்க வேண்டும் போலும் என எண்ணி முந்தைய பாடத்தைத் தேடத் தொடங்குவார். 'நான் முன்னரே உருவாக்கி வைத்துள்ள கோப்பு' என்றால் ஐயமில்லை. சேர்ந்து செய்யும் செயலுக்கு 'நாம்' பொருந்தும். மூல ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தெளிவைத் தமிழ் இங்கே தரவல்லது. தருவதும் தவறவிடுவதும் மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ளது.

இத்தகைய தடைகள் மொழியறிஞர் படியைப் படித்துப் பார்க்கும்போது எளிதில் புலப்படுவதில்லை. படிப்பவர்க்கு வாக்கியம் சரியாகவே இருக்கும். ஆங்கிலப் படிக்குச் செய்யப்பெறும் புதியவர் சோதனையைத் தமிழ்ப் படிக்கும் தனியே செய்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். அதுவும் கையில் கொடுத்துப் படிக்கச் செய்யாமல், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுச் செய்வதாக அமைய வேண்டும்.

திரை ஆங்கிலம், குரல் தமிழ்

லிபர்ஆபீஸ் போன்ற மென்பொருள்களுக்குத் தமிழ் இடைமுகம் உண்டு. இருந்தும் குரல்மாற்றம் பெற்ற பாடங்களில் திரை ஆங்கிலத்திலேயே நிற்கிறது. இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. ஒரே பதிவை எல்லா மொழிகளுக்கும் பயன்படுத்த முடிகிறது. ஒவ்வொரு மொழிக்கும் திரையைத் தனித்தனியே பதிவதாயின் செலவும் காலமும் பன்மடங்காகும். மேலும் ஆய்வகத்திலும் பணியிடத்திலும் அம்மாணவர் சந்திக்கப்போவது ஆங்கிலத் திரையையே. பழகிய மொழியில் விளக்கம் கேட்டுக்கொண்டே ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு கற்றுக்கொள்வதால், பாடம் மென்பொருளோடு சிறிதளவு ஆங்கிலத்தையும் கற்பிக்கிறது.

இவ்வேற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. 'கோப்பு', 'பட்டி', 'சாளரம்' என்னும் கலைச்சொற்கள் அகராதியில் இருப்பினும் மாணவர் காதில் விழ வேண்டுமானால் யாரேனும் அவற்றை ஒலிக்க வேண்டும். திரையில் உள்ள பொத்தானின் பெயரை உள்ளவாறே சொல்வது தேவை. அதனை மொழிபெயர்த்தால் மாணவர் அதைத் திரையில் தேடியும் காணார். ஆனால் 'சாளரம்', 'நிறுவல்', 'கட்டளை' என்பன எந்தப் பொத்தானின் பெயருமல்ல, பொதுச்சொற்கள். அவற்றைத் தமிழில் சொல்வதால் எந்தச் செயலும் தடைப்படாது. திரையில் எழுதப்பட்டிருப்பது ஆங்கிலம், அதனைப் பற்றிப் பேசுவது தமிழ் என்னும் எல்லை கடைப்பிடிக்கத்தக்கது. பொதுச்சொற்களும் ஆங்கிலமாகிவிட்ட ஒலியுரையில் தமிழ் என எஞ்சுவது வேற்றுமை உருபும் 'செய்க' என்னும் துணைவினையுமே ஆகும்.

பதிப்பு மாற்றம்

அச்சிட்ட நூலைவிட விரைவில் மூப்படைவது திரைப்பதிவுப் பாடம். பைதான் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு வரிசையில், திரையில் ஒரு தொடரை அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு வரிசையில் அது கட்டாயமாயிற்று. பழைய வரிசைக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு நின்றது. பழைய பாடத்தைக் கேட்டுப் புதிய பைதானில் தட்டச்சு செய்யும் மாணவர் முதல் வரியிலேயே பிழைச்செய்தியைக் காண்பார். தம் தவறே என எண்ணி அவர் கற்பதை விட்டுவிடவும் கூடும். பாடத்தின் தொடக்கத்திலேயே எந்த இயங்குதளம், மென்பொருளின் எந்தப் பதிப்பு என ஒலியுரை அறிவிக்க வேண்டும் என்னும் விதி இதனால் ஏற்பட்டது. ஸ்போக்கன் டுடோரியலில் பைதான் 3.4.3 பதிப்புக்கெனத் தனிப் பாடவரிசையே பின்னர் உருவாக்கப்பட்டது.

பட்டியில் ஒரு கட்டளை இடம்மாறியது போன்ற சிறு மாற்றங்களுக்குப் பாடம் முழுவதையும் புதிதாகப் பதிய வேண்டியதில்லை. எழுத்துப்படியும் காலப்படியும் பேணிவைக்கப்பட்டிருந்தால், எந்த வாக்கியம் எந்த நொடியில் வருகிறது என்பது தெரிந்திருப்பதால், அப்பகுதியின் காட்சியை மட்டும் மீண்டும் பதிந்து, அதற்குரிய தமிழ் வாக்கியத்தை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாம். ஆனால் பழைய குரலுக்கு உரியவர் அதற்குள் வேறிடம் சென்றிருப்பின், பத்து நிமிடப் பாடத்தின் நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் வேறொருவர் குரலில் ஒலிக்கும். கேட்பவர்க்கு அது சற்று வியப்பாக இருக்கலாம். சொடுக்க வேண்டிய இடத்தை அவர் சரியாகச் சொடுக்கிவிடுவார்.